இரண்டு வண்ணச் சீட்டு... இரண்டு நாள் வகுப்பு!

‘மார்ச்1’ என்று படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? மார்ச் மாதம் முதல் தேதி, இல்லையா? எக்ஸெல்லுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால், மரபணு ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அது ஒரு மரபணுவின் பெயர். ‘செப்ட்2’ என்பதும் அப்படியே. நீளமான ஆங்கிலப் பெயர்களைச் சுருக்கியபோது வந்து விழுந்த பெயர்கள் இவை.

ஆராய்ச்சியாளர் ஒருவர் மரபணுப் பட்டியலை எக்ஸெல்லில் திறக்கிறார். அது யாரையும் கேட்காமல் ‘செப்ட்2’ என்ற பெயரை ‘செப்டம்பர் 2’ என்று தேதியாக மாற்றிவிடுகிறது. மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரு மரபணு காணாமல் போயிருக்கும். அவர் ‘சேவ்’ செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இப்படி நடக்கிறது என்று 2004-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2016-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள், முன்னணி ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளோடு இணைக்கப்பட்டிருந்த எக்ஸெல் பட்டியல்களை எடுத்து அலசினார்கள். மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது! கடைசியில் 2020-ல், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழுவே இறங்கி வந்து மரபணுக்களின் பெயர்களை மாற்றியது. ‘செப்ட்2’ இப்போது ‘செப்டின்2’. இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியை எக்ஸெல் கொடுத்தது 2023-ல்தான்.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் சாதாரணமானவர்களா? முனைவர் பட்டம் வாங்கியவர்கள். உயிரியலில் கரை கண்டவர்கள். ஆனால், தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிற கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களில் பலருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை.

ஒரு மாணவர் கேட்ட கேள்வி

எக்ஸெல் பிழை மரபணுவோடு நின்றுவிடவில்லை. ஒரு பொருளாதாரக் கதையையும் பார்த்துவிடுவோம்.

2010-ல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன், அதன் ஆண்டு உற்பத்தியில் 90 சதவிகிதத்தைத் தாண்டினால், வளர்ச்சி சட்டென்று சரிந்துவிடுகிறது என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவிகிதம் என்று கணக்குக் காட்டியது. உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பிந்தைய நேரம் அது. அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய தலைவர்கள் இந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டினார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவருக்கு ஒரு வகுப்புப் பயிற்சி. ஏற்கெனவே வெளிவந்த ஒரு கட்டுரையை எடுத்து, அதே கணக்கைத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். எத்தனை முறை போட்டாலும் விடை வரவில்லை. கட்டுரை ஆசிரியர்களிடமே கேட்டு, அவர்களுடைய எக்ஸெல் கோப்பை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் கட்டளையில் சில வரிகள் விட்டுப் போயிருந்தன. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே சேரவில்லை!

2013-ல் ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் திருத்திப் போட்ட கணக்கில் வந்த விடை பிளஸ் 2.2 சதவிகிதம். வித்தியாசம் முழுவதும் எக்ஸெல்லால் வந்ததல்ல. சில ஆண்டுகளின் விவரம் சேர்க்கப்படாததும், சராசரி எடுத்த முறையும் முக்கியக் காரணங்கள். மூல ஆசிரியர்கள் எக்ஸெல் பிழையை ஒப்புக்கொண்டார்கள். தங்கள் அடிப்படைக் கருத்து மாறவில்லை என்றும் சொன்னார்கள். அந்த விவாதத்தைப் பொருளாதாரப் பேராசிரியர்களிடம் விட்டுவிடுவோம். நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் நடக்கிற தவறு பெரும்பாலும் சத்தம் போடாது. யாராவது அதே வேலையைத் திரும்பச் செய்து பார்த்தால்தான் வெளியே வரும். அப்படிச் செய்து பார்க்கக் கோப்பு கையில் இருக்க வேண்டும். என்ன செய்தோம் என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

தச்சுப் பட்டறை

விஞ்ஞானிகள் இதையெல்லாம் எங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்? 2008-ல் ஏறக்குறைய 2,000 விஞ்ஞானிகளிடம் இணையத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். தானாகப் படித்தும், பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டும்தான் கற்றோம் என்று பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். அண்ணன் ஓட்டுவதைப் பார்த்து சைக்கிள் பழகின மாதிரி. ஓட்டத் தெரியும், ஆனால் பிரேக் எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை.

இந்தக் குறையை அதற்குப் பத்து வருடம் முன்பே ஒருவர் கவனித்துவிட்டார். கிரெக் வில்சன் என்ற கனடா நாட்டுக்காரர். 1998-ல் அவரும் பிரென்ட் கோர்டா என்பவரும் சேர்ந்து, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார்கள். அதற்கு ‘சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி’ என்று பெயர். அதாவது, மென்பொருள் தச்சு வேலை.

ஏன் தச்சு? மேம்பாலம் கட்ட என்ஜினீயர் வேண்டும். வீட்டில் ஒரு அலமாரி அடிக்கவோ, ஆடுகிற கதவைச் சரி செய்யவோ உளியும் ரம்பமும் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆராய்ச்சி மாணவருக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது திறமைதான்.

ஒரு வார வகுப்பாகத் தொடங்கியது, பின்னாளில் இரண்டு நாள் பட்டறையாகச் சுருங்கியது. ஆய்வுத் தரவுகளைக் கையாள்வதற்கென்றே ‘டேட்டா கார்பென்ட்ரி’ என்ற தங்கை 2014-ல் பிறந்தது. 2018-ல் இரண்டும் சேர்ந்து ‘தி கார்பென்ட்ரீஸ்’ ஆயின. நூலகர்களுக்கான ‘லைப்ரரி கார்பென்ட்ரி’யும் அதே வருடம் வந்து சேர்ந்துகொண்டது. பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். பாடங்கள் முழுக்க இணையத்தில் இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம், மொழிபெயர்க்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொன்னால் போதும்.

சீட்டு பேசும்

இந்த வகுப்பில் என்ன விசேஷம்? உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வண்ணத்தில் ஒட்டுச்சீட்டுகளைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த பயிற்சியை முடித்துவிட்டால் ஒரு வண்ணச் சீட்டை லேப்டாப் முதுகில் ஒட்ட வேண்டும். மாட்டிக்கொண்டால் இன்னொரு வண்ணம். அவ்வளவுதான். கை தூக்க வேண்டாம். எழுந்து நின்று ‘சார், எனக்குப் புரியலை’ என்று சொல்ல வேண்டாம். சுற்றி வருகிற உதவியாளர் சீட்டைப் பார்த்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

சின்ன விஷயம்தான். ஆனால், ‘எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியலை’ என்ற பயத்தில் மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருக்கிற மாணவர்கள் எத்தனை பேர்! தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், கல்யாணம் குழந்தை என்று பத்து வருட இடைவெளிக்குப் பிறகு ஆராய்ச்சிக்கு வந்த பெண்கள், இவர்களுக்குப் பல நேரம் பாடத்தை விடக் கூச்சம்தான் பெரிய தடை. கூச்சப்படுகிறவர் கேட்க மாட்டார். கேட்காதவர் தெரிந்த மட்டும் ஏதோ செய்வார். அந்த ‘ஏதோ’தான் கட்டுரையில் போய்ப் பிழையாக உட்காரும்.

ஆசிரியருக்கும் சில விதிகள் உண்டு. பவர்பாயின்ட் படம் காட்டிவிட்டுப் போகக் கூடாது. எல்லார் முன்பும் திரையில் தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் காட்ட வேண்டும். தட்டும்போது அவருக்கும் தப்பு வரும். வரட்டும். அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரி செய்கிறார் என்பதே ஒரு பாடம். ‘இது ரொம்ப ஈஸி’ என்ற வார்த்தையைத் தவிர்க்கச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஈஸி என்று சொன்ன விஷயம் புரியவில்லையென்றால், கேட்கிற பிள்ளை தன்னைத்தானே மட்டமாக நினைத்துக்கொள்ளும் அல்லவா? வீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற அப்பா அம்மாக்களுக்கும் இந்த விதி பொருந்தும்!

நெல்லின் 1,520 கோப்புகள்

பாடம் என்ன? பொதுவாக மூன்று. கறுப்புத் திரையில் எழுத்தால் கட்டளை கொடுப்பது; பைத்தான் அல்லது ஆர் என்ற நிரல்மொழியில் அரிச்சுவடி; கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு நினைவில் வைத்துக்கொள்ளும் ‘கிட்’ என்ற கருவி.

முதல் பாடத்தில் நெல் நீமோ என்று ஒரு கற்பனைப் பாத்திரம் வருகிறார். கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர். ஆறு மாதம் பசிபிக் கடலில் சுற்றி 1,520 மாதிரிகள் எடுத்து வந்திருக்கிறார். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு கோப்பு. ஒவ்வொன்றையும் கையால் திறந்து ஒரு நிரலில் கொடுத்தால், கோப்புக்கு அரை நிமிடம் என்றாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் கம்ப்யூட்டர் முன் தவம் கிடக்க வேண்டும். நான்கைந்து வரிக் கட்டளை எழுதத் தெரிந்தால், கம்ப்யூட்டர் தானாகச் செய்யும். அவர் உட்கார்ந்து கட்டுரை எழுதலாம்.

நேரம் மிச்சமாவது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று கதையில் வருகிறது. வேலையை ஆரம்பிக்கும் முன் எல்லாக் கோப்பிலும் எத்தனை வரிகள் என்று ஒரு கட்டளையில் எண்ணிப் பார்க்கிறார். எல்லாவற்றிலும் 300 வரி இருக்க, ஒன்றில் மட்டும் 240. விசாரித்தால், அந்தச் சோதனையைச் செய்தது ஒரு திங்கட்கிழமை காலை. வார இறுதியில் வேறு யாரோ அந்தக் கருவியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பழையபடி மாற்றி வைக்க நெல் மறந்துவிட்டார். 1,520 கோப்புகளைக் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

மௌஸால் செய்கிற வேலை பெரும்பாலும் தடம் விடாது. எந்தப் பெட்டியை அழுத்தினோம், எந்த வரியை அழித்தோம் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் நமக்கே தெரியாது. எழுதிய கட்டளை அப்படியே இருக்கும். பாட்டி கண்ணளவில் போடுகிற வத்தக்குழம்பு அமிர்தம்தான். ஆனால், பேத்திக்கும் அதே ருசி வர வேண்டுமானால் அளவு எழுதிய தாள் வேண்டும். ஆராய்ச்சியில் அந்தத் தாள்தான் நிரல்.

இரண்டு நாளில் என்ன ஆகும்?

இரண்டு நாளில் யாரும் புரோகிராமர் ஆகிவிட மாட்டார்கள். நீச்சல் வகுப்பில் முதல் இரண்டு நாள் மாதிரிதான். தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவது நிற்கும். எதைத் தேட வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரியும். அதன்பின் வாரம் ஒரு மணி நேரமாவது தன் சொந்த ஆய்வுத் தரவில் பழகினால்தான் கற்றது கையில் நிற்கும். பட்டறையோடு விட்டால் பத்து நாளில் மறந்துவிடும்.

‘இப்போதான் ஏ.ஐ. இருக்கே, கேட்டால் நிரல் எழுதித் தருமே, எதுக்கு இதெல்லாம்?’ என்று உங்கள் பிள்ளை கேட்கலாம். தரும், உண்மை. நிரல் பிழையில்லாமல் ஓடவும் செய்யும். ஐந்து நாடுகளை விட்டுவிட்டும் ஓடும்! விடை சரியா என்று பார்க்கிற பொறுப்பு கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்கிறவருடையது. பத்து வரித் தரவை எடுத்துக் கையால் கணக்குப் போட்டு, நிரல் தரும் விடையோடு ஒப்பிடத் தெரிந்தவர்தான் ஏ.ஐ.யிடமும் சரியாக வேலை வாங்க முடியும்.

நம் ஊரில்?

யு.ஜி.சி.யின் 2016-ம் ஆண்டு பி.எச்டி. விதிமுறைகள், ஆய்வு மாணவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு முறையியல் பாடத்தில் கணினிப் பயன்பாட்டையும் சேர்க்கலாம் என்று சொல்லின. ஆக, பாடத்திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. அந்த இடத்தை ‘கணினியின் பாகங்களை விவரி’ என்ற கேள்வியால் நிரப்புவதா, மாணவர் தன் லேப்டாப்பில் தன் தரவைத் திறந்து பழகும் இரண்டு நாளால் நிரப்புவதா என்பது துறைத் தலைவர்களின் கையில் இருக்கிறது. பெரிய செலவு இல்லை. ஒரு அறை, மின்சாரம், இணையம், சொல்லிக் கொடுக்கத் தெரிந்த இரண்டு பேர், சுற்றி வர நான்கு சீனியர் மாணவர்கள், இரண்டு கட்டு ஒட்டுச்சீட்டு.

வீட்டிலிருந்தே ஆரம்பிக்க விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் லினக்ஸ், பைத்தான், லிப்ரே ஆஃபீஸ் என்று பல மென்பொருள்களுக்குச் சிறு சிறு பாட வீடியோக்கள் இலவசமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். பலவற்றுக்குத் தமிழில் குரல் கொடுத்திருக்கிறார்கள். திரையில் கட்டளை ஆங்கிலத்தில் இருக்கும். விளக்கம் தமிழில் காதில் விழும். ஒரு பாதித் திரையில் வீடியோ, மறு பாதியில் நம் பயிற்சி என்று வைத்துப் பழகச் சொல்கிறார்கள். கொஞ்சம் பழகியவர்கள், சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் என்.பி.டி.இ.எல்.-இல் நடத்தும் பைத்தான் பாடத்துக்குப் போகலாம்.

இன்றே செய்ய ஐந்து

உங்கள் வீட்டில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறவரோ, பி.எச்டி. படிக்கிறவரோ இருந்தால், எந்த வகுப்புக்கும் போகாமல் இன்று இரவே இந்த ஐந்தைச் செய்யச் சொல்லுங்கள்.

1. முதலில் கிடைத்த தரவுக் கோப்பைத் தொடாதீர்கள். நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது.

2. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு தகவல். ‘25 கிலோ, ஈரம்’ என்று சேர்த்து எழுதாதீர்கள். எடைக்கு ஒரு பத்தி, நிலைக்கு ஒரு பத்தி.

3. வண்ணம் பூசி அர்த்தம் வைக்காதீர்கள். மஞ்சள் என்றால் சந்தேகம் என்பது உங்களுக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. சந்தேகம் என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். அளக்காததையும் பூஜ்யத்தையும் குழப்பாதீர்கள்.

4. ‘தீசிஸ் ஃபைனல்’, ‘தீசிஸ் ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ எல்லாம் வேண்டாம். பெயரில் தேதி போடுங்கள்: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். அப்போதுதான் கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும். நேரம் கிடைக்கும்போது கிட் கற்றுக்கொள்ளுங்கள்.

5. அதே ஃபோல்டரில் ஒரு சாதாரணக் குறிப்புக் கோப்பு வையுங்கள். இன்று என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று இரண்டு வரி. மொத்தத்துக்கும் வேறொரு இடத்தில் ஒரு நகல்.

ஒரு விஷயம் வீட்டில் இருக்கிறவர்களுக்கும். ‘இத்தனை வருஷமா படிக்கிறே, இதுகூடத் தெரியாதா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தெரியாது என்று ஒட்டிய அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் உதவிக்கு ஆள் வருகிறார். சீட்டை ஒட்டத் தயங்காத பிள்ளையின் ஆய்வில்தான் பிழையும் சீக்கிரம் பிடிபடும்.